நெடுந்தூர ட்ரக்கில் நாயைக் கொண்டுபோவது பற்றி

கனடாவின் பிரம்ப்டனிலிருந்து அமெரிக்காவுக்குச் சுமை ஏற்றும் கம்பனி ஒன்றில் எட்டு மாதமாகத் தனியாக ஓடும் தம்பி ஒருவர், நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்து வளர்க்க விரும்புகிறார். சட்டம் அதற்கு இடங்கொடுக்குமா, எல்லையில் தடுப்பார்களா, நாய்க்கு அந்த வாழ்க்கை ஒத்துவருமா என்பவை அவருடைய கேள்விகள். பதினாறு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் நான். அவற்றில் ஏழு ஆண்டுகள் ஜிம்மி என்ற நாய் என்னுடனேயே ஓடியது. அந்த அனுபவத்தை வைத்துச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். சட்டம் இந்த விடயத்தில் மிகச் சிறிய பங்குதான். சாரதி வண்டியை விட்டு இறங்கி நிற்கும் நேரத்தில் நாய்க்கு என்ன நடக்கிறது என்பதே பெரிய பங்கு.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பாரவூர்தியில் செல்லப்பிராணியை ஏற்றக்கூடாது என்ற கூட்டாட்சி விதி கனடாவிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. கம்பனியின் எழுத்துமூல அனுமதியின்றி எவரையும் ஏற்றிச் செல்லக்கூடாது என்று அமெரிக்க விதி ஒன்று உண்டு. ஆனால் அது மனிதருக்கானது, நாய்க்கு அல்ல. எனவே உங்கள் விடயத்தில் முடிவெடுப்பது கம்பனிதான். சொந்த வண்டி வைத்திருப்பவர் தானே முடிவெடுக்கலாம். கம்பனி வண்டியில் ஓடுபவர் கேட்டுத்தான் ஆகவேண்டும். சில கம்பனிகள் அடியோடு மறுக்கும். அனுமதிக்கும் கம்பனிகளிலும் நாயின் எடைக்கு வரம்பு, ஏற்கப்படாத இனங்களின் பட்டியல், சில நூறு டொலர் வைப்புப்பணம், வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது துப்புரவுக் கட்டணம் என்று நிபந்தனைகள் இருக்கும். இது வீம்புக்குச் செய்யும் கெடுபிடி அல்ல. நீங்கள் விட்டுப்போகும் வண்டியில் அடுத்து ஏறுபவருக்கு நாய் மயிர் ஒவ்வாமையாக இருந்தால், அந்த வண்டி சில நாட்களுக்கு ஓடாமல் நிற்கும். ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாச்சர் வாயால் சொன்ன "பரவாயில்லை, கொண்டுபோ" என்பதை நம்பி நாயை ஏற்றாதீர்கள். அவர் வேலையை விட்டுப் போனதும் அந்த அனுமதியும் அவருடனேயே போய்விடும். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உடற்குறை அல்லது மனவடு காரணமாகப் பயிற்றப்பட்ட சேவை நாயை வைத்திருப்பவரின் நிலை வேறு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரரான சாரதி ஒருவரைச் சேவை நாயின் காரணமாக வேலைக்கு எடுக்க மறுத்த ட்ரக் கம்பனி மீது சம வேலைவாய்ப்பு ஆணையம் 2017இல் வழக்குத் தொடுத்தது. 2019இல் 47,500 டொலர் கொடுத்து அந்த வழக்கு தீர்க்கப்பட்டது. ஆனால் தனிமைக்குத் துணையாக வைத்திருக்கும் நாயை, இணையத்தில் ஒரு சட்டையை வாங்கி மாட்டிச் சேவை நாய் என்று காட்டுவது பொய். உண்மையிலேயே அந்த நாயின் உதவியில் வாழ்பவர்களுக்கு அதனால் கெடுதல் நேர்கிறது.

அடுத்தது எல்லை. நாய்க்குட்டி வாங்கும் எண்ணத்துக்கு இங்கேயே ஒரு தடை இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1ஆம் திகதி முதல், அமெரிக்காவுக்குள் வரும் எந்த நாயும் குறைந்தது 6 மாத வயதுடையதாக இருக்கவேண்டும், தோலின் கீழ் மைக்ரோசிப் பொருத்தப்பட்டிருக்கவேண்டும், பார்வைக்கு நலமாக இருக்கவேண்டும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் இணையப் படிவத்தை நிரப்பி அதன் பற்றுச்சீட்டையும் வைத்திருக்கவேண்டும். முந்திய 6 மாதமும் கனடா போன்ற நாய்விசர் ஆபத்துக் குறைந்த நாடுகளிலேயே இருந்த நாய் என்றால், ஒரு பற்றுச்சீட்டு 6 மாதத்துக்குச் செல்லும். ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக நிரப்பத் தேவையில்லை. திரும்பி வரும்போது, 3 மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழைக் கனடா அதிகாரி கேட்பார். அது மிருக வைத்தியர் கையொப்பமிட்ட தாளாக இருக்கவேண்டும். கழுத்துப் பட்டியில் தொங்கும் தகடு போதாது. இரண்டு மாதக் குட்டியை வாங்கினால், நான்கு மாதத்துக்கு நீங்கள் கனடாவுக்குள் மட்டும் ஓடவேண்டியிருக்கும். அப்படியான ஓட்டத்தை உங்கள் கம்பனி தருமா என்று கேட்டுப்பாருங்கள்.

அமெரிக்காவில் நாயைத் தத்தெடுக்கும் சாரதிகள் அறியாமல் மாட்டிக்கொள்வது ஒன்றுண்டு. ஒன்ராறியோவில் 2005 முதல் பிட்புல் வகை நாய்களுக்குத் தடை இருக்கிறது. வைத்திருப்பது மட்டுமல்ல, மாகாணத்துக்குள் கொண்டுவருவதும் குற்றம். டென்னசியிலோ ஒகாயோவிலோ ஒரு காப்பகத்தில் இரக்கப்பட்டு எடுத்த கலப்பின நாய், அம்பாசடர் பாலத்தைக் கடந்து வின்சரில் இறங்கியதும் உங்களுக்கு வழக்காக மாறிவிடலாம்.

தாள்கள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். வெயிலை அப்படிச் செய்யமுடியாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டை இறக்கும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட அளவீட்டில், வெளியே 22 பாகை செல்சியஸ் மட்டுமே இருந்த நாளில், வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் 47 பாகை வரை ஏறியிருந்தது; அதில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள் ஏறியது. ட்ரக் கபின் காரைவிடப் பெரியதாயினும் அதன் முன்கண்ணாடியும் பெரியது. 22 பாகை என்பது இங்கே நாம் நல்ல காலநிலை என்று மகிழும் நாள் என்பதை நினைவில் வையுங்கள்.

இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிரூட்டியைப் போட்டுவிட்டுப் போகலாமே என்பீர்கள். கலிபோர்னியாவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இயந்திரத்தை வெறுமனே ஓடவிடுவது குற்றம். வேறு பல மாநிலங்களிலும் நகரங்களிலும் இதுபோன்ற வரம்புகள் உண்டு. அதோடு, டீசலை மிச்சம்பிடிக்க, குறித்த நேரத்தில் தானாகவே நின்றுவிடும்படி இயந்திரத்தை அமைத்து வைத்திருக்கும் கம்பனிகள் அதிகம். ஆகவே பெரிய இயந்திரத்தை நிறுத்திய பின்னும் குளிரூட்டியை ஓட்டும் ஏ.பி.யூ. எனப்படும் துணை இயந்திரம் வண்டியில் இல்லையென்றால் நாயைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இருந்தாலும் அதை முழுதாக நம்பக்கூடாது. மின்கலத்தில் ஓடும் வகை, அரிசோனாவின் யூலை வெயிலில் இரவு முழுவதும் தாக்குப்பிடிக்காது. டீசலில் ஓடும் வகை, எச்சரிக்கை எதுவுமின்றி நின்றுவிடக்கூடும். கபினின் வெப்பநிலையைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் சிறு கருவிகள் கிடைக்கின்றன; ஒன்றை வாங்கி நாயின் கூண்டருகே மாட்டுங்கள். "குளிரூட்டி ஓடுகிறது, உள்ளே நாய் நலம்" என்று ஆங்கிலத்தில் எழுதி உங்கள் தொலைபேசி எண்ணுடன் கண்ணாடியில் ஒட்டுவதும் நல்லது. ஆபத்தில் உள்ள விலங்கைக் காப்பாற்றக் கண்ணாடியை உடைக்கலாம் என்று கலிபோர்னியாவில் 2017 முதல் சட்டமே இருக்கிறது. உங்கள் நாய் சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கையில் எவராவது நல்லெண்ணத்தோடு சுத்தியலுடன் வந்து நிற்கலாம்.

இனி, நாயை விட்டு இறங்கும் நேரம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் ஏற்றும் சுமைதான். இதைப் பலர் யோசிப்பதில்லை. சாதாரண மூடிய ட்ரெயிலரில், கைபடாமல் ஏற்றி இறக்கும் சுமை என்றால், டொக் எனப்படும் சுமையேற்றும் மேடையில் வண்டியைப் பின்பக்கமாகச் சேர்த்துவிட்டுக் கபினிலேயே இருக்கலாம். நாய் அருகில் கிடக்கும். குளிர்பதன ட்ரெயிலரில் மளிகைக் களஞ்சியங்களுக்குப் போகிறவர்கள் சில இடங்களில் சாவியை ஒப்படைத்துவிட்டுச் சாரதிகளின் காத்திருப்பு அறையில் உட்காரவேண்டும். அது இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம், ஆறு மணி நேரமாகவும் இருக்கலாம். திறந்த தட்டு ட்ரெயிலரில் சங்கிலி கட்டித் தார்ப்பாய் போர்த்துவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் நிற்கவேண்டும். இரசாயன ஆலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், இரும்பாலை போன்ற இடங்களில் வாயிலிலேயே "விலங்குகளுக்கு அனுமதியில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். பன்றி, கோழிப் பண்ணைகளில் நோய் பரவும் என்ற அச்சத்தால் இன்னும் கடுமை. நான் குளிர்பதனச் சுமையிலிருந்து மூடிய ட்ரெயிலருக்கு மாறியதற்கு ஜிம்மிதான் முழுக்காரணம். மைலுக்குச் சில சதம் குறைந்தது. அதை நாயின் சாப்பாட்டுச் செலவில் எழுதிக்கொண்டேன்.

நேரக் கணக்கையும் பாருங்கள். அமெரிக்காவில் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தபின், 14 மணி நேர எல்லைக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். அந்த 14 மணிக் கடிகாரம் ஒருமுறை ஓடத் தொடங்கினால், நாய் மூத்திரம் பெய்வதற்காக நிற்காது. வளர்ந்த நாயை நாளுக்கு நான்கு முறையாவது இறக்கவேண்டும். வண்டியை நிறுத்தி, இறக்கி, நடத்தி, கால் துடைத்து, மறுபடி ஏற்ற 20 நிமிடம் என்றால், 80 நிமிடம் போய்விட்டது. எட்டு மணி நேர ஓட்டத்துக்குள் கட்டாயமாக எடுக்கவேண்டிய 30 நிமிட இடைவேளையில் ஒன்றைச் சேர்த்துவிடலாம். மற்றவை உங்கள் மைல் கூலியிலிருந்துதான் வரவேண்டும். குட்டிக்கு இந்தக் கணக்கு சரிவராது. அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கவேண்டியிருக்கும்.

ஒரு பெப்ரவரி மாதம் நெப்ராஸ்காவில், 80ஆம் இலக்க நெடுஞ்சாலையில், வண்டியின் புகைச் சுத்திகரிப்புத் தொகுதி பழுதாகி வேகம் தானாகவே குறைந்து நின்றுவிட்டேன். இழுவை வண்டிக்காரர் தன் கபினில் நாயை ஏற்றமாட்டேன் என்றார். ஜிம்மியை என் வண்டியிலேயே பூட்டி, இழுத்துச் செல்லும் வழியெல்லாம் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனேன். திருத்தும் இடத்தில் நாய் உள்ளே வரக்கூடாது. வண்டி உள்ளே போகவேண்டும். உதிரிப்பாகம் வர மூன்று நாள் ஆகும். அருகில் இருந்த விடுதி நாயை எடுக்கவில்லை. எடுக்கும் விடுதி நான்கு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. மறை 15 பாகைக் குளிரில், ஒரு கையில் பையும் மறு கையில் நாயுமாக நெடுஞ்சாலையோரம் நடந்தேன். தனி ஆளாக இருந்தால் அந்த மூன்று நாளும் ஒரு தொல்லை, அவ்வளவுதான். நாயுடன் இருந்தபோது, அடுத்த வேளை எங்கே ஒதுங்குவது என்பதே வேலையாகிவிட்டது. அதன் பின்னர், மூன்று நாள் உணவு, மடக்குக் கூண்டு, தடுப்பூசித் தாளின் பிரதி, வாய்க்கட்டு ஆகியவை அடங்கிய பை ஒன்று எப்போதும் கதவருகே கிடந்தது. என் பணப்பையில், "என் வண்டியில் நாய் இருக்கிறது, எனக்கு ஏதும் நேர்ந்தால் இவரை அழையுங்கள்" என்று ஒரு அட்டையும் வைத்தேன். சாரதி மாரடைப்பில் வைத்தியசாலைக்குப் போக, வண்டி எங்கோ ஒரு வளவில் பூட்டிக் கிடக்க, உள்ளே நாய் இருப்பது எவருக்கும் தெரியாமல் போகும் நிலையை நினைத்துப்பாருங்கள். உங்களுக்காக ஆயிரம் மைல் வந்து நாயை எடுத்துப்போக ஒருவர் உண்டா? இல்லையென்றால் அதற்கான ஏற்பாட்டைச் செய்த பின்னரே நாயைத் தேடுங்கள்.

நோய்களில் நம் ஊர் மிருக வைத்தியருக்கு உடனே தோன்றாதவை சில உண்டு. நுளம்பு பரப்பும் இதயப்புழுவுக்கான மாத்திரையை ஒன்ராறியோவில் பொதுவாக யூன் முதல் நவம்பர் வரைதான் எழுதிக் கொடுப்பார்கள். ஏனெனில் குளிர் மாதங்களில் இங்கே நுளம்பு இல்லை. ஆனால் நீங்கள் சனவரியில் லூசியானாவிலோ டெக்சஸ் கரையோரத்திலோ நிற்பீர்கள். எந்தெந்த மாநிலங்களுக்கு ஓடுகிறீர்கள் என்று வைத்தியரிடம் வரைபடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். ஆண்டு முழுவதும் மாத்திரை தருவார். பென்சில்வேனியா, நியூயோர்க், கனெக்டிகட் பக்கம் உண்ணி மூலம் லைம் நோய் வரும். அதற்குத் தடுப்பூசி உண்டு. அரிசோனாவிலும் கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கிலும் மண்ணில் வாழும் பூஞ்சை ஒன்று நாயின் நுரையீரலைத் தாக்கும். அங்கே புழுதியில் தோண்டவிடாதீர்கள். கலிபோர்னியாவில் நரிவால் புல் என்று ஒன்று காய்ந்து நிற்கும். அதன் முள் விதை காதிலும் மூக்கிலும் கால் விரலிடுக்கிலும் ஏறி, உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

ட்ரக் தரிப்பிடத்துத் தரையோ நாய்க்கு ஒரு பொறிக்கிடங்கு. சாரதிகள் யன்னலால் எறியும் கோழி எலும்பு தொண்டையில் சிக்கும். வண்டிகளிலிருந்து ஒழுகிக் கிடக்கும் உறைவெதிர்த் திரவம் (antifreeze) இனிப்பாக இருக்கும்; நாய் நக்கினால் சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துக் கொன்றுவிடும். தூக்கம் வராமலிருக்க நாம் மெல்லும் சீனியில்லாத சூயிங்கத்தில் உள்ள சைலிட்டோல் நாய்க்கு நஞ்சு. அது உங்கள் கோப்பைத் தாங்கியிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் தூவும் உப்பு பாதத்தை வெடிக்கச் செய்யும். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ஈரத்துணியால் நான்கு பாதத்தையும் துடைப்பது சோம்பலுக்கு இடங்கொடாத பழக்கமாக இருக்கவேண்டும். லவ்ஸ் போன்ற எரிபொருள் நிலையங்கள் பலவற்றில் வேலியடைத்த நாய்ப் புல்வெளி வைத்திருக்கிறார்கள். இயன்றவரை அங்கே இறக்குங்கள்.

ஓடும்போது நாய் மடியில் இருக்கக்கூடாது. திடீரென்று பிறேக் போட்டால் 20 கிலோ நாய் முன்கண்ணாடிக்குப் பறக்கும். கவனம் சிதறியதற்காகக் கவனயீனமாக ஓட்டிய குற்றமும் உங்கள் மீது வரலாம். படுக்கைப் பக்கத்தில் நிலையாகக் கட்டிய கூண்டோ, பக்கத்து இருக்கையில் இடுப்புப்பட்டியுடன் பொருத்தும் மார்புக் கச்சையோ வேண்டும். வண்டியின் எடை பார்க்கும் நிறைச் சாவடியில் பரிசோதகர் கதவைத் திறக்கச் சொன்னால், திறக்குமுன் நாய் இருப்பதைச் சொல்லுங்கள். கடித்துவிட்டால், ஒன்ராறியோ சட்டப்படி உங்கள் கவனயீனத்தை எவரும் நிரூபிக்கவேண்டியதில்லை. உரிமையாளர் என்பதே போதும். நாய் அடைப்பில் 10 நாள் கண்காணிக்கப்படும், உங்கள் சுமையோ காத்திராது. இன்னொன்று, காற்று நிரம்பிய சாரதி இருக்கையின் கீழே எதுவும் படுக்கவிடாதீர்கள். காற்று இறங்கும்போது இருக்கை முழு எடையுடன் அமரும். பூனை வளர்ப்பவர்களுக்கு இது இரட்டிப்பு எச்சரிக்கை, ஏனெனில் பூனை தேடிப்போய்ப் படுக்கும் இடமே அதுதான்.

இவ்வளவையும் படித்தபின், பிறகேன் ஏழு ஆண்டு வைத்திருந்தீர்கள் என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் தொழில்சார் நலத்துக்கான தேசிய நிறுவனம் 2010இல் நெடுந்தூரச் சாரதிகளிடம் நடத்திய கணக்கெடுப்பில் 69 வீதத்தினர் உடற்பருமன் உள்ளவர்கள் என்று தெரியவந்தது. அது பொதுவான உழைப்பாளர்களின் விகிதத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஜிம்மி வருமுன் நானும் அந்தக் கணக்கில்தான் இருந்தேன். உடற்பயிற்சி செய்யச் சொன்ன வைத்தியரை ஏமாற்றலாம். கதவருகே நின்று முனகும் நாயை ஏமாற்றமுடியாது. அதைவிடப் பெரியது இன்னொன்று: மனிதக் குரலே கேளாத நாட்களில் வாய்விட்டுப் பேச ஓர் உயிர் இருந்தது. என் நாய் தமிழ் மட்டும்தான் கேட்டது. ஆங்கிலத்தில் கூப்பிட்ட எவரையும் அது பொருட்படுத்தியதில்லை. நாயை வாசற்படிக்கு இப்பால் ஏற்றாத வீட்டில் பிறந்தவன் நான். சாமிப் படம் ஒட்டிய கபினில் நாய் படுக்கிறதா என்று அம்மா முதலில் முகஞ்சுளித்தார். பிறகு, "வைரவற்றை வாகனந்தானே, இருக்கட்டும்" என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வழித்துணையாக நாய் போவது இந்தக் கண்டத்துக்குப் புதிதுமல்ல. 1880களின் பிற்பகுதியில் அல்பனி நகரத் தபாலகத்தில் ஒட்டிக்கொண்ட ஓனி என்ற நாய், 1897இல் இறக்கும்வரை தபால் மூட்டைகளின் மீது படுத்து ரயிலில் நாடு முழுவதும் சுற்றியது. அதன் உடல் பாடம்செய்யப்பட்டு இன்றும் வாஷிங்டன் தபால் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு டெக்சஸில் தொடங்கிய ஓப்பரேஷன் ரொஜர் என்ற அமைப்பில், சாரதிகள் தம் வழக்கமான ஓட்டத்திலேயே, காப்பக விலங்குகளைப் புதிய வீடுகளுக்குக் கூலியின்றி ஏற்றிச் சென்றார்கள். நாய் வைத்திருக்க முடியாத சாரதிக்கு இதுபோன்ற தொண்டும் ஒரு வழி.

உங்களுக்கு நான் சொல்வது இது. எட்டு மாதம் என்பது நீங்களே இன்னும் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டப் பழகும் காலம். முதல் இரண்டு குளிர்காலம் போகட்டும். பிறகு குட்டி வேண்டாம். இரண்டு, மூன்று வயதான, சத்தத்துக்கு மிரளாத, 10 முதல் 20 கிலோ எடையுள்ள நாயைக் காப்பகத்தில் பாருங்கள். கபின் உயரத்திலிருந்து நாள்தோறும் குதித்தால் மூட்டு தேய்ந்துவிடும். தூக்கி இறக்கக்கூடிய எடை வேண்டும் என்பது அதனால்தான். பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு இனங்கள் வெப்பத்தில் மூச்சுவிடச் சிரமப்படும், தவிருங்கள். தற்காலிகப் பராமரிப்புக்கு நாயைத் தரும் காப்பகங்கள் உண்டு. என்ன நோக்கம் என்பதை ஒளிக்காமல் சொல்லி ஒன்றை எடுத்து, கம்பனியின் அனுமதியுடன் வார இறுதியில் மொன்றியல் சுமை ஒன்றுக்குக் கொண்டுபோங்கள். 401ஆம் நெடுஞ்சாலையில் போய்வர ஆயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர். எல்லையும் இல்லை, படிவமும் இல்லை. அந்த ஓட்டத்தில் மூன்றைக் கவனியுங்கள்: பக்கத்தில் குளிர்பதன இயந்திரம் இரையும்போது அது தூங்குகிறதா, நீங்கள் பத்து நிமிடம் இறங்கிப்போனால் கதவைப் பிறாண்டுகிறதா, பழக்கமில்லாத தார்த்தரையோரத்தில் கயிற்றில் நின்றபடி ஒன்றுக்கு இருக்கிறதா. மூன்றாவது சின்ன விடயம் போலத் தோன்றும். ஜிம்மிக்கு முன் நான் எடுத்துப்பார்த்த நல்ல நாய் ஒன்று, புல்வெளி இல்லாத இடத்தில் பதினைந்து மணி நேரம் அடக்கிக்கொண்டு நடுங்கியது. திரும்பி வந்ததும் அதைக் கொல்லைப்புறம் உள்ள ஒரு வீட்டுக்குக் கொடுக்கும்படி காப்பகத்தில் சொல்லிவிட்டேன்.